பனியன் யார் காசில்?

அன்புள்ள ஐயா,

எங்கள் பக்கம் போர்செட் மோட்டார், காப்பர் ஒயர் திருட்டு தாங்கவில்லை. ஊர்ப் பையன்கள் இருபது பேர் ராத்திரி காவலுக்குப் போகிறோம். பெரிய நிலக்காரர் ஒருவர் பெட்ரோல், டார்ச், ஒரே கலர் பனியன் எல்லாம் தருகிறேன் என்கிறார். மெக்சிகோவில் எலுமிச்சை விவசாயிகள் துப்பாக்கி எடுத்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து பையன்களுக்கு வேகம். சாதாரண ஜனங்கள் ஏன் இப்படிப் படை கட்டுகிறார்கள்? தப்பா?

ர., குத்தாலம்

அன்புள்ள ர.,

காவலில் தப்பே இல்லை. நீடாமங்கலம் பக்கம் அறுவடை நாளில் சித்தப்பாவோடு நானும் களத்துமேட்டில் படுத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒரு ஆள் முறை. அரிக்கேன் விளக்கு, மூங்கில் கம்பு, தூக்குவாளியில் கடுங்காப்பி. காப்பி அன்றைய முறைக்காரர் வீட்டிலிருந்து வரும். அதனால் யாருக்கும் கைகட்டி நின்றதில்லை.

மெக்சிகோவில் மிச்சோவாகான் மாநிலத்தில் எலுமிச்சையை என்றைக்குப் பறிக்கலாம் என்பதைக்கூடக் கடத்தல் கும்பல்தான் சொன்னது. போலீசும் அவர்கள் பக்கம். 2013 பிப்ரவரியில் விவசாயிகள் துப்பாக்கி எடுத்தார்கள். வேறு வழியில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். அடுத்த வருஷம் அரசே அவர்களில் பலருக்குச் சீருடை கொடுத்தது. அந்த டிசம்பரில் லா ருவானாவில் காவல் அணிகள் இரண்டு தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டதில் 11 பேர் போனார்கள். தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான இப்போலிதோ மோரா அன்று மகனைப் பறிகொடுத்தார். 2023 ஜூனில் அவரையும் கொன்றார்கள். உங்கள் பையன்கள் பார்த்த வீடியோ எந்த வருஷத்தோடு நிற்கிறது?

பயத்தில் சேருகிறவர்கள் ஒரு பங்கு. சம்பளத்துக்குச் சேருகிறவர்கள் இன்னொரு பங்கு. சத்தீஸ்கரில் 2005இல் மாவோயிஸ்டுகளை எதிர்க்க சல்வா ஜூடும் என்ற ஊர்ப்படை வந்தது. படிப்பைப் பாதியில் விட்ட பழங்குடிப் பையனுக்குச் சிறப்புப் போலீஸ் அதிகாரி என்ற பட்டம், மாசம் 3,000 ரூபாய், கையில் துப்பாக்கி. சேராதவனை எதிரியின் ஆள் என்றார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அதைத் தடுத்தது.

அவ்வளவு தூரம் ஏன்? நம் பக்கத்திலேயே நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டால் உரக்கடை மாதிரி இருக்கும். கூலி உயர்வு கேட்ட செங்கொடிக்காரர்களை மடக்க நிலக்காரர்கள் கட்டியது அது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் நிலக்காரர்களும் அவர்களுடைய ஆட்களும் வந்து வைத்த தீயில், ஒரே குடிசைக்குள் தலித் கூலிக்காரர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கருகினார்கள்.

பனியன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்ரோலுக்கு வீட்டுக்கு இருபது ரூபாய் வசூலியுங்கள். யார் யார் காவலுக்குப் போகிறீர்கள் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். திருடன் சிக்கினால் கை வைக்காமல் அங்கே ஒப்படையுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த இருபது பேரில் காலனித் தெருப் பையன்கள் எத்தனை பேர்? அதை நீங்கள் எழுதவில்லையே.