மைட்டோகாண்ட்ரியா ஆற்றலை எப்படித் தயாரிக்கிறது? அதில் ஆக்சிஜனுக்கு என்ன வேலை?

ஆக்சிஜன் குளுக்கோஸை 'எரிக்கிறது' என்றுதான் பலரும் படித்திருப்போம். நேரடியாக அப்படி நடப்பதில்லை.

குளுக்கோஸ் முதலில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, செல்லின் சைட்டோபிளாசத்திலேயே இரண்டு பைருவேட் மூலக்கூறுகளாக உடைகிறது. நிகர லாபம் வெறும் 2 ஏடிபி (செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு). பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், கிரெப்ஸ் சுழற்சி என்ற தொடர் வேதிவினைகள் வழியாகக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. நாம் விடும் மூச்சில் இருப்பது அதுதான். வழியில் கழன்ற எலக்ட்ரான்களைப் பெரும்பாலும் என்ஏடிஹெச் என்ற மூலக்கூறு சுமந்து வருகிறது.

சரி, விஷயமே இனிமேல்தான். அந்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்விலுள்ள புரதங்களில் கைமாறும்போது கிடைக்கும் ஆற்றல், புரோட்டான்களை (ஹைட்ரஜன் அயனிகளை) சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறது. அங்கே நெருக்கியடித்து நிற்பவை பெரும்பாலும் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி வழியாகத்தான் திரும்பி வருகின்றன. வரும்போது, அணை நீர் டர்பைனைச் சுற்றுவதுபோல அந்த நொதியின் ஒரு பகுதியை நிஜமாகவே சுழற்றுகின்றன. ஒரு முழுச் சுற்றுக்கு 3 ஏடிபி! இந்தப் புரோட்டான் ஏற்றத்தாழ்வுதான் உந்துவிசை என்று 1961-ல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-ல் அதற்கே நோபல் பரிசு.

ஆக்சிஜன் வருவது கடைசியில். ஆற்றல் இழந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தண்ணீராகிறது. வாங்க ஆளில்லை என்றால் வரிசை மொத்தமும் நின்றுவிடும். சயனைடு கொல்வதும் இப்படித்தான்: இரத்தத்தில் ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும், எலக்ட்ரானை அதனிடம் ஒப்படைக்கும் கடைசிப் புரதத்தைச் சயனைடு முடக்கிவிடுகிறது.