ஒரே நாணயம், எட்டுக் கல்லாப்பெட்டி

கேள்வி: அக்கம்பக்கத்துக் குட்டி நாடுகள் பொருளாதாரத்தில் ஒன்றுசேர்ந்தால் தேறுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: எதில் சேர்கின்றன என்பதைப் பொறுத்தது. கிழக்குக் கரீபியத்தில் செயின்ட் லூசியா, கிரெனடா, டொமினிக்கா, ஆன்டிகுவா முதலான எட்டு ஆட்சிப்பகுதிகளுக்கும் சேர்த்தே ஆறு லட்சத்துச் சொச்சம் பேர்தான். ஆனால் நாணயம் ஒன்றே. ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபிய டாலர்; 1976 முதல் இந்த விகிதம் அசையவில்லை. 1983-ல் அமைந்த பொது மத்திய வங்கி, வெளியிட்ட பணத்தில் 60 சதவீதத்துக்காவது அந்நியச் செலாவணி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தேர்தல் வருகிறதே என்று ஒரு நிதியமைச்சர் நினைத்த மாத்திரத்தில் நோட்டடிக்க முடியாது.

மருந்துக்கும் 1986 முதல் கூட்டு டெண்டர். ஒவ்வொரு நாடும் அதே வங்கியில் தனிக் கணக்கில் பணம் போட்டு வைக்கிறது. சப்ளையருக்கு அங்கிருந்தே பட்டுவாடா. ஆர்டரும் பெரிது, பணமும் நிச்சயம் என்றால் விலை இறங்கத்தானே செய்யும்!

கேள்வி: பிறகு ஏன் அவர்களுக்குள் வணிகம் பெருகவில்லை?
– வாசகி, காரைக்குடி

பதில்: ஒருவருக்கொருவர் விற்கச் சரக்கு வேண்டுமே! இந்த எட்டில் விண்ட்வர்டு தீவுகள் எனப்படும் நான்குமே பிரிட்டனுக்கு வாழைப்பழம் அனுப்பியவை. இப்போது எல்லாத் தீவுக்கும் சுற்றுலா. வாழைத்தோட்டக்காரர் பக்கத்துத் தோட்டத்தில் போய்ப் பழம் வாங்குவாரா?

அடுத்த முட்டுக்கட்டை சுங்கம். அமெரிக்காவின் மயாமியிலிருந்து செயின்ட் லூசியாவில் இறங்கி வரி கட்டிய சரக்கை கிரெனடாவுக்கு அனுப்பினால் அங்கும் வரி. இந்நாடுகள் 2010-ல் செய்த பொருளாதார ஒன்றிய ஒப்பந்தம் இதை நீக்கச் சொல்கிறது. ஆனால் துறைமுக வசூலை நம்பி பட்ஜெட் போடும் அரசு எப்படி எளிதில் விடும்? ஆட்கள் போக்குவரத்து பரவாயில்லை: 2011 ஆகஸ்ட் முதல், எட்டில் சுதந்திர நாடுகளான ஆறின் குடிமக்கள் அவற்றுக்குள் எங்கும் போய்த் தங்கி வேலை செய்யலாம். விமானக் கட்டணம்தான் வயிற்றைக் கலக்கும்.

சுங்கச் சிக்கலுக்கு ஒரு வழி, தென்னாப்பிரிக்காவும் அதன் சின்ன அண்டை நாடுகளும் சேர்ந்து 1910-ல் தொடங்கிய தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியம். வரி முழுவதும் ஒரே தொகுப்பில் சேரும். சுங்க வரியை, ஒன்றியத்துக்குள் யார் எவ்வளவு கொள்முதல் செய்தார்கள் என்ற கணக்கில் பிரிப்பார்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் தென்னாப்பிரிக்காவிடமே வாங்கும் லெசோத்தோவுக்கு இது லாபம். கலால் வரியில் 15 சதவீதத்தை ஒதுக்கி, ஏழை உறுப்பினர்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் தருவார்கள். பெரியவர் இருமினால் சின்னவருக்குக் காய்ச்சல் என்பதுதான் இதன் ஆபத்து. 2008 நெருக்கடிக்குப் பின் தென்னாப்பிரிக்காவின் இறக்குமதி சரிந்தது, தொகுப்பு சுருங்கியது, 2011-ல் இன்னொரு உறுப்பினரான ஸ்வாசிலாந்து (இன்றைய எஸ்வாத்தினி) அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே திணறியது.