வாராவாரம் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பதால் டெங்கு குறைந்துவிடுமா?

"ஒருவர் வருகிறார், தொட்டியை எட்டிப் பார்க்கிறார், அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார், இதில் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அடுப்பில் வேலையாக இருக்கும்போது கதவைத் தட்டியிருப்பார்கள், எரிச்சல் புரிகிறது. ஆனால் அப்படிக் கதவைத் தட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஒரு பேரூராட்சியில் நான்கு வருடம் கொசுப்புழு ஒழிப்பு வேலை பார்த்தேன்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும். அதற்குள் தண்ணீரைக் கொட்டியாக வேண்டும் என்பதால்தான் வாராவாரம் வருகிறோம். ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு டெங்கு உறுதியானால் அவர் முகவரி சுகாதார ஆய்வாளருக்கு வந்துவிடும். இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது என்பதால் அந்த வீட்டைச் சுற்றித் தேடுவோம். வேறு யாருக்காவது காய்ச்சலா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவோம்.

ஒரு ஐப்பசியில் ஒன்பது வயதுப் பையனுக்கு வந்தது. "எங்க வீட்ல தண்ணியே தேங்கல" என்றார் அவன் அம்மா. உண்மைதான், டிரம், தொட்டி எல்லாம் பளிச்சென்று இருந்தன. நான்கு வீடு தள்ளி ஒரு பாட்டி வீட்டுக் கொல்லையில் பழைய ஆட்டுக்கல் கிடந்தது. குழி நிறைய மழைத் தண்ணீர். டார்ச் அடித்ததும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போய் ஒளிந்தன. "எங்க மாமியார் கல்லு, தூக்கிப் போட மாட்டேன்" என்றார் பாட்டி. தூக்க வேண்டாம் என்று சொல்லி, தண்ணீரை இறைத்து, தேங்காய் நாரால் குழியைத் தேய்த்து, மணலை நிரப்பினேன். தேய்க்காமல் விட்டால் கல்லில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்குப் பொரித்துவிடும்.

பையனுக்கு அந்தக் கல்லிலிருந்துதான் வந்தது என்று சாதிக்க மாட்டேன், நான் டாக்டர் இல்லை. பார்க்காமலே கையெழுத்துப் போட்டவர்களும் எங்களில் உண்டு, அதையும் மறைக்கவில்லை. "புகை அடித்தால் போதாதா" என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் இரண்டு மாதம் தள்ளித்தான் வரும். காலை எட்டு மணிக்கு இறங்கினால் மதியம் வரை நடை. அத்தனை வீட்டுத் தொட்டியையும் திறந்து பார்ப்போம், ஒரு வீட்டிலும் பாத்ரூம் போகலாமா என்று கேட்க வாய் வராது. மாதவிலக்கு நாட்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பாட்டி மட்டும் என்னைப் பார்த்ததும் கேட்காமலே சொல்வார்: "முதல்ல உள்ள போயிட்டு வாம்மா, கல்லு எங்கயும் ஓடிடாது."