லார்டு சொன்னதுதான் சட்டமா?

கேள்வி: இடைக்கால இங்கிலாந்துல கிராமம்னாலே மேனர், அதாவது லார்டுங்கற பிரபுவோட பண்ணை, அவர் சொல்றதுதான் சட்டம், ஜனங்க தலையாட்டிட்டுக் கிடந்தாங்கன்னுதான் படிச்சிருக்கேன். கிராம நிர்வாகம்னு அங்க ஒண்ணு இருந்துச்சா என்ன?

பதில்: இருந்துச்சு சார். லார்டு பாதி நேரம் ஊர்லயே இருக்க மாட்டார், அவருக்கு நாலஞ்சு மேனர் இருக்கும், இல்லன்னா ஊரே ஏதாவது மடத்துக்குச் சொந்தமா இருக்கும். அப்போ எந்த வயல எப்போ உழறது, அறுப்பு முடிஞ்சு தாள்ல மாட்ட என்னிக்கு அவுத்து விடறதுன்னு யார் முடிவு பண்ணாங்க? நீங்க தலையாட்டினாங்கன்னு சொல்ற அதே ஜனங்கதான்.

மேனர் கோர்ட்னு ஒண்ணு, பல ஊர்ல மூணு வாரத்துக்கு ஒரு தடவ கூடும். தலைமை லார்டோட ஸ்டூவர்டு, அதாவது காரியஸ்தர். ஆனா ஊர் வழக்கம் என்ன, யார் மேல தப்புன்னு சொல்றது குடியானவங்க ஜூரி. பண்ணை வேலைய மேல்பாத்து கணக்கு ஒப்பிக்கிற ரீவ்கூட அனேகமா ஒரு பண்ணையடிமைதான், பல இடத்துல ஊரே தேர்ந்தெடுக்கும், கணக்குல துண்டு விழுந்தா அவர் கைக்காசு போடணும், அதுக்குப் பயந்து பணம் கட்டியே பதவிலருந்து தப்பிச்சவங்க உண்டு. பயிர்ல மாடு இறங்காம பாக்க ஒருத்தர், வீட்ல காய்ச்சி விக்கிற ஏல் பீரை ருசி பாத்து விலையும் தரமும் சரிதானான்னு சொல்ல ஒருத்தர். எனக்கு ரொம்பப் பிடிச்சது கதிர் பொறுக்குற விதி: ஒரு நாளைக்கு ஒரு பென்னியும் சாப்பாடும் வாங்கி அறுப்பு வேலை செய்யத் தெம்பு இருக்கறவங்க சிந்தின கதிரைப் பொறுக்கக் கூடாது, அது வயசானவங்களுக்கும் முடியாதவங்களுக்கும். இத ஊரே கூடிப் போட்டுக்கிட்ட விதி.

அதுக்காக ஆஹா என்ன ஜனநாயகம்னும் கிளம்பிடாதீங்க. அபராதக் காசு லார்டு பெட்டிக்குத்தான் போகும். பொண்ணு கல்யாணத்துக்குக்கூட லார்டுக்குக் காசு கட்டணும். புருஷன் செத்தா வீட்ல இருக்கறதுலயே நல்ல மாட்ட ஓட்டிட்டுப் போயிடுவாங்க, அதுக்குப் பேரு ஹெரியட். 1348-49 கொள்ளைநோய்ல வீட்டுக்கு வீடு சாவு விழுந்தப்போவும் கோர்ட் கூடுச்சு, செத்தவன் பேரு, பக்கத்துல ஹெரியட்டா வந்த மாடுன்னு வரிசையா எழுதிட்டே போயிருக்காங்க. அந்தப் பொம்பளைக்கு அன்னிக்குப் புருஷனும் போயி பசுவும் போச்சு.

மாவு அரைக்கக்கூட லார்டு ஆலைக்குத்தான் போகணும், அரைச்சதுல ஒரு பங்கு அவருக்கு. செயின்ட் ஆல்பன்ஸ்ல மடாதிபதி 1330-கள்ல ஜனங்களோட கைத்திரிகைக் கல்லையெல்லாம் பறிச்சு மடத்துல தரையா பதிச்சிட்டார், வந்து போறவங்க மிதிச்சிட்டுப் போற மாதிரி. ஊர் மறக்கல. 1381 குடியானவங்க கிளர்ச்சில மடத்துக்குள்ள புகுந்து, அந்தக் கல்லைப் பேத்து, உடைச்சு, சர்ச்ல ரொட்டிய பங்கு போட்டுக் குடுப்பாங்களே அது மாதிரி ஆளுக்கொரு துண்டு எடுத்துட்டுப் போனாங்க. பறிபோனப்போ பெரும்பாலும் அவங்க அப்பன் தாத்தா காலம், யோசிச்சுப் பாருங்க.

அதே வருஷம் எஸெக்ஸ், கென்ட் பக்கம் ஊர் ஊரா மேனர் கோர்ட் பதிவு எழுதி வச்ச சுருள்களத் தேடித் தேடிக் கொளுத்தினாங்க. யாரு வில்லெயின், அதாவது பண்ணையடிமை, எத்தன நாள் சும்மா உழைக்கணும்னு அதுலதான் எழுதியிருந்துச்சு, அதுவும் அவங்களுக்குப் படிக்கத் தெரியாத லத்தீன்ல. நம்ம சினிமாவுல சொல்ற வில்லன் இந்த வார்த்தைலருந்து வந்ததுதான், ஊர்ல உழைச்சவனுக்கு வச்ச பேரு கெட்டவன் பேராச்சு, எனக்கு இத நினைச்சாலே கோவம் வரும்.

ஆனா அந்தச் சுருள்தான் பின்னாடி அவங்க பேரன்களுக்குப் பட்டா ஆச்சு. இந்த நிலம் இவன் கையிலன்னு கோர்ட்ல எழுதினதோட காப்பி கையில இருந்தா லார்டு நினைச்சபடி விரட்ட முடியாது, அதான் காப்பிஹோல்டு. சட்டப்படி அது ஒழிஞ்சது 1926 ஜனவரி 1-ல.

இருந்துச்சான்னு கேட்டீங்க. நாட்டிங்ஹாம்ஷயர்ல லாக்ஸ்டன்னு ஒரு ஊர்ல இன்னும் இருக்கு. வருஷா வருஷம் நவம்பர் கடைசில ஜூரி வயல்ல இறங்கி, எவன் பொது வழியச் சேத்து உழுதிருக்கான்னு பாத்து, கோர்ட்ல அபராதம் போடறாங்க.