பிரசவமான இரண்டாம் நாள், நாலு சொட்டு மஞ்சள் பால்: குழந்தைக்குப் போதுமா?

போதும்மா. இரண்டாம் நாளில் அந்த நாலு சொட்டுதான் வரும். அது சீம்பால், அதாவது பிரசவமானதும் முதலில் சுரக்கும் பால். முதல் நாள் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பதே ஒரு தேக்கரண்டி அளவுதான். "எனக்குப் பாலே இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு சரியும். அதன் பிறகே பால் பெருகும். 2 முதல் 5 நாள் ஆகும். சிசேரியன் என்றால் சற்றுத் தாமதமாகலாம்.

மார்பைப் பார்த்துக் கவலைப்படாமல் குழந்தையின் துணியைப் பாருங்கள்: இரண்டாம் நாள் 2 முறையாவது சிறுநீரில் நனைய வேண்டும், ஐந்தாம் நாளிலிருந்து 6 முறை. இரவு பகலாக 8 முதல் 12 தடவை பால் கொடுங்கள். குழந்தை காம்பை மட்டும் சப்பாமல், சுற்றியுள்ள கரும்பகுதியையும் சேர்த்துக் கவ்வுகிறதா, விழுங்கும் மெல்லிய சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, உடல் மஞ்சளித்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.