பன்னிரண்டாவது வீடு

அன்புள்ள ஆலோசகருக்கு,

இரண்டு வருடத்துக்கு முன் நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் வந்து, கைகால் அசையாமல் நான்கு மாதம் கிடந்தேன். சபையிலுள்ள ஓர் அக்காதான் பார்த்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பார். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்கால் அடியில் தலையணை வைப்பார். எழுந்து நடந்ததும், இனி என் வாழ்வு நோயாளிகளுக்கே என்று ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தேன்.

இப்போது வாரத்தில் பதினோரு வீடுகளுக்குப் போகிறேன். ஒருவருக்கும் நன்றியில்லை. உடம்பு துடைக்கப் போனால் ஒரு பாட்டியம்மா போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். இன்னொரு வீட்டில் என் ஜெபம் நீளமாம். போதகர் “கொஞ்சம் ஓய்வெடும்மா” என்கிறார். ஊழியத்தைக் குறைக்கச் சொல்கிற போதகர் உண்டா? வீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார். இந்த அலைச்சலில், இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரமாகப் படுத்திருக்கும் அந்த அக்காவைக்கூடப் பார்க்கப் போகவில்லை. போனால் அழுதுவிடுவேனோ என்ற பயம் வேறு. பதினோரு வீடு, ஒரு நன்றி இல்லை. என் ஊழியத்தை ஏன் யாருமே மதிப்பதில்லை?

- ஒரு சகோதரி

அன்புச் சகோதரி,

பதினோரு வீடுகள் இருக்கட்டும். நீங்கள் போகாத பன்னிரண்டாவது வீட்டைப் பற்றிப் பேசுவோம். ஆறு வாரம் என்று எண்ணி வைத்திருக்கிறீர்களே, அது நேரமில்லாதவர் வைக்கும் கணக்கல்ல. நீங்கள் எதுவும் முடியாமல் கிடந்ததை முழுசாகப் பார்த்தவர் அவர். அவர் முன்னால் மறுபடி அந்தப் படுக்கைக்காரியாகிவிடுவோமோ என்று அஞ்சுகிறீர்கள்.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவ வந்தபோது, “நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது” என்றார் பேதுரு (யோவான் 13:8). கழுவப்படச் சம்மதித்த பிறகுதான், ஒருவர் கால்களை ஒருவர் கழுவுங்கள் என்ற கட்டளை வருகிறது. நீங்களோ பெற்றதைக் கடனாக எழுதிக்கொண்டு வீடுவீடாகத் தவணை கட்டுகிறீர்கள். தவணை கட்டுகிறவருக்கு ரசீது வேண்டும். நீங்கள் தேடும் நன்றி அந்த ரசீதுதான்.

போர்வையைப் பிடித்துக்கொண்ட பாட்டியம்மாவின் பக்கமே நான் நிற்கிறேன். அந்தக் கூச்சம் உங்களுக்குத் தெரியாததா? முதலில் அனுமதி கேளுங்கள். முகத்தையும் கைகளையும் அவரே துடைக்கட்டும். மற்ற இடங்களில், துடைக்கிற பகுதியை மட்டும் திறந்து, உடனே மூடுங்கள். போதகர் சொன்னதும் சரியே: உங்களுக்கு வந்த நோயில் நடை திரும்பிய பின்னும் களைப்பு வருடக்கணக்கில் நீடிக்கலாம். வீடுகளைப் பாதியாக்குங்கள்.

ரோமில் நோயாளியாய்க் கிடந்து, பிறகு நோயாளிகளுக்கென்றே ஒரு துறவுச் சபையைத் தொடங்கியவர் கமில்லஸ் தே லெல்லிஸ். அவருடைய கால் புண் 1614-ல் அவர் இறக்கும்வரை ஆறவேயில்லை. அந்தக் காலோடுதான் கட்டில் கட்டிலாகப் போனார்.

இந்த வாரமே அக்காவிடம் போங்கள், ஊழியக்காரியாக அல்ல. அவர் முகம் தெரியும் உயரத்தில் உட்காருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அவர் பேசி முடித்தபின், அனுமதி கேட்டு, அடிபட்ட பக்கத்துக் குதிகாலைப் பாருங்கள். வலியால் அசைக்காத கால் அது. விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு படுக்கைப்புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். சூடும் கெட்டித்தன்மையும் கைக்குத் தெரியும். தேய்க்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். கெண்டைக்கால் அடியில் தலையணை வைக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.