கார்த்திகைக் கிழங்குச் சாறும் வெங்காய வேர்நுனியும்

கேள்வி: கல்லடியில் உயர்தரம் உயிரியல் படிக்கிறேன். கலப்பிரிவை நிறுத்தும் கொல்சிசின் கார்த்திகைப்பூக் கிழங்கில் இருக்கிறது என்று ரியூசனில் சொன்னார்கள். மாரி தொடங்கியதும் எங்கள் வேலியில் அது நிறையப் படர்ந்திருக்கிறது. கிழங்கை இடித்துச் சாறெடுத்து வெங்காய வேரில் செயன்முறை செய்து பார்க்கலாமா? அம்மா விடுகிறா இல்லை.

பதில்: அம்மா சொல்வதுதான் சரி, மகள். ஆபத்து ஒருபக்கம் இருக்க, அந்தச் சாறு உங்கள் செயன்முறையையே கெடுத்துவிடும்.

கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை (குரோமோசோம்களை) இரண்டு பக்கமும் இழுக்கும் கதிர் நார்கள் ரியூபியூலின் என்ற புரதத்தால் ஆனவை. கொல்சிசின் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், நார் உருவாகாது. நிறமூர்த்தங்கள் நடுவில் நிற்கும் அனுவவத்தையோடு கலம் நின்றுவிடும். நீங்கள் வரைய வேண்டிய அடுத்த கட்டங்கள், அதாவது அவை விலகிப்போகும் மேன்முகவவத்தையும் இரு முனையையும் சேரும் ஈற்றவத்தையும், கண்ணில் படவே படாது!

ஆராய்ச்சியாளருக்கு அந்த நிறுத்தம்தான் தேவை. மனிதரின் நிறமூர்த்தங்கள் 48 என்றே நெடுநாள் நம்பினார்கள். சுவீடனில் ஜியோ, லெவன் என்ற இரு ஆய்வாளர்கள் கொல்சிசினால் கலங்களை அந்த நிலையில் நிறுத்தி எண்ணி, 46 என்று 1956இல் வெளியிட்டார்கள். நாற்றில் இட்டு நிறமூர்த்தத் தொகையை இரட்டிப்பாக்கவும் இது உதவும். விதையில்லா வத்தகப்பழத்துக்கான தாய்ச்செடி அப்படி வந்ததுதான்.

ஆனால் அவர்கள் எடுப்பது அளந்த, தூய பொருள். உங்கள் வேலிக் கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவித்தாலும் நஞ்சு போகாது. வத்தாளங்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். சில மணித்தியாலம் ஒன்றும் தெரியாது, அப்புறம்தான் வாந்தியும் வயிற்றோட்டமும். பிறகு எலும்பு மச்சை, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். அம்மியும் மிக்சியும் இருக்கும் குசினியில் இதை இடிக்கவே கூடாது. தப்பித்தவறி யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் கிழங்குத் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, செயன்முறைக்கு என்ன வழி? வெங்காயத்தின் அடி மட்டும் தண்ணீரில் படும்படி கிளாசில் வையுங்கள். சில நாளில் வேர் வரும். இரண்டு சென்ரிமீற்றர் வளர்ந்ததும் பாடசாலைக்குக் கொண்டுபோய், ஆய்வுகூடத்தில் ஆசிரியரோடு நுனி இரண்டு மில்லிமீற்றரை மட்டும் வெட்டி, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் மென்மையாக்கி, அசெற்றோகாமைன் சாயமிட்டு, கண்ணாடி வழுக்கியில் வைத்து நசுக்கி நுணுக்குக்காட்டியில் பாருங்கள். நுனியைத் தாண்டி வெட்டினால் பிரியும் கலமே கிடைக்காது. பெரும்பாலான பிள்ளைகள் பிழைவிடுவது அங்கேதான். வெங்காயத்துக்கு நிறமூர்த்தம் 16தான், அதுவும் பெரிது பெரிதாக இருக்கும். நன்றாக நசுங்கிய வழுக்கியில் கொல்சிசின் இல்லாமலே எண்ணிவிடலாம்.